தாம்பூலப் பைக்கு ஒரு கணக்கு

கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவி வருகிறவர்களுக்கு வாசலில் ஆளுக்கொரு பை நீட்டுவார்கள். உள்ளே ஒரு தேங்காய், நாலு வெற்றிலை, ஒரு பாக்குப் பொட்டலம், சில ஊர்களில் கூடவே ஒரு சாத்துக்குடி. இப்போது அதோடு ஒரு குட்டிப் பொருளும் சேர்ந்துகொண்டது. குங்குமச் சிமிழ், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, சாவி வளையம், மணமக்கள் படம் போட்ட கோப்பை என்று வீட்டுக்கு வீடு மாறும். ரிட்டர்ன் கிஃப்ட் என்று பெயர். தேங்காயைப் பற்றிக் கவலையில்லை, மறுநாளே சட்னியாகிவிடும். வெற்றிலை மண்ணுக்குப் போய்விடும். நாம் கணக்குப் பார்க்க வேண்டியது அந்தக் குட்டிப் பொருளையும், எல்லாவற்றையும் சுமந்து வந்த பையையும்.

‘முன்ன மாதிரி பாலித்தீன் கவர் இல்லப்பா, இப்பல்லாம் துணிப்பைதான்’ என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பிடித்துப் பாருங்கள். நூல் நெடுக்கும் குறுக்கும் ஓடினால் அது நெய்தது. பல பைகளில் அப்படி ஒரு நூலும் ஓடாது. மயிரிழை போன்ற இழைகள் திசையில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். அவற்றின் மேல் வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள் அமுங்கியிருக்கும். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, நுண்துளைகள் வழியே இழையாகப் பீய்ச்சி, ஓடும் பட்டையின் மேல் படியவிட்டு, புடைப்புகள் உள்ள சூடான உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்த தகடு அது. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் இழைகள் உருகி ஒட்டிக்கொண்ட இடம். கைப்பிடியையும் பெரும்பாலும் தைப்பதில்லை, உருக்கியே ஒட்டிவிடுகிறார்கள். கடைக்காரர்கள் இதை ‘நான்-ஓவன்’ என்பார்கள். அரிசி மூட்டை வரும் வெள்ளைச் சாக்கும் இதே பிளாஸ்டிக்தான். அதையாவது தறியில் நெய்கிறார்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நகத்தளவு வெட்டி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சி காட்டலாம். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும். மிஞ்சும் சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகும். பாலிபுரொப்பிலீன் தீயைக் கண்டதும் சுருங்கும், உருகிச் சொட்டும், மெழுகுவத்தி அணைந்த வாடை அடிக்கும், ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். மொட்டை மாடியில் சில மாதம் வெயிலில் கிடந்த நான்-ஓவன் பையைத் தூக்கினால் கையோடு பிய்ந்து தூளாகக் கொட்டும். வெயிலின் புற ஊதாக்கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை நறுக்கிவிடுகிறது. பை மக்கிவிட்டது என்று தோன்றும். நடந்ததெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பல்லாயிரம் பிளாஸ்டிக் துணுக்குகளானது மட்டுமே. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களின் பட்டியலில் இந்த நான்-ஓவன் பையும் இருக்கிறது. கல்யாண மண்டபங்களுக்கு அந்தச் சேதி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

சரி, அசல் பருத்திப் பையே கொடுத்துவிட்டால்? இங்கேதான் கணக்கு கொஞ்சம் சங்கடப்படுத்தும்.

ஒரு பொருளின் சுற்றுச்சூழல் செலவை அளக்க ‘வாழ்க்கைச் சுழற்சி ஆய்வு’ என்று ஒரு முறை உண்டு. விளைநிலத்திலோ எண்ணெய்க் கிணற்றிலோ தொடங்கி, ஆலை, லாரி, கடை, வீடு, கடைசியில் குப்பைமேடு வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஆற்றல், எவ்வளவு நீர், எவ்வளவு கரியமில வாயு என்று கூட்டிக்கொண்டே வருவது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் பைகளுக்கு இப்படி ஒரு கணக்கு வெளியிட்டது. சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரே ஒருமுறை பயன்படுத்தி எறிவதை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை அந்தப் பைக்குச் சமமாக வர, காகிதப் பையை 3 முறையும், நான்-ஓவன் பையை 11 முறையும், பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று வந்தது.

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக 2018இல் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. காலநிலையோடு நிற்காமல் நீர், நிலம், ஓசோன் படலம் என்று பல அளவுகோல்களை வைத்துப் பார்த்தது. காலநிலை மட்டும் என்றால் பருத்திப் பைக்கு 52 முறை. எல்லா அளவுகோல்களிலும் தேற வேண்டுமென்றால் 7,100 முறை. இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தி என்றால் 20,000 முறை. விளைச்சல் குறைவு, அதனால் அதே பைக்குக் கூடுதல் நிலம், கூடுதல் நீர் என்று கணக்கு போகிறது. தினமும் ஒருமுறை கடைக்குப் போனால்கூட 20,000 முறைக்கு ஏறக்குறைய 55 ஆண்டு ஆகும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ‘பார்த்தாயா, பிளாஸ்டிக்தான் நல்லது’ என்று கிளம்பியவர்கள் உண்டு. அது அவசர முடிவு. 7,100 என்ற எண்ணைத் தூக்கிவிட்டது பெரும்பாலும் ஓசோன் என்ற ஒற்றை அளவுகோல். மேலும், சாக்கடையை அடைக்கும் பை, மாட்டின் வயிற்றில் சேரும் பை, ஏரியில் மிதக்கும் பை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்குகளில் பத்தியே கிடையாது. குப்பையை ஒழுங்காகச் சேகரித்து எரித்து மின்சாரம் எடுக்கும் நாட்டில் போட்ட கணக்கு அது. கூவத்தின் கரையில் நின்று போட்டால் விடை வேறாக வரும். ஆனாலும் அந்த ஆய்வுகள் காட்டும் ஒரு விஷயத்தை ஒதுக்க முடியாது: பருத்தி மலிவான சமாச்சாரம் இல்லை. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக சுமார் 10,000 லிட்டர் நீர் செலவாகிறது, மழைநீரும் இதில் அடக்கம். அந்தக் கணக்கில் நூறு கிராம் எடையுள்ள பைக்கு ஆயிரம் லிட்டர். சாயத்தைச் சொல்லவே வேண்டாம். நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்குப் பிறகு, 2011இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டி வந்தது.

ஆக, எந்தப் பொருளுக்கும் இரண்டு எண்கள். ஒன்று, அதைச் செய்ய ஆன மொத்தச் செலவு. மற்றது, அது எத்தனை முறை பயன்பட்டது என்பது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் உண்மையான விலை. மேலே இருக்கும் எண்ணைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம்: இது இயற்கையானதா, மக்குமா, கையால் செய்ததா. கீழே இருக்கும் எண்ணை யாரும் கேட்பதில்லை.

2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. பட்டணத்துக்கு வந்த நாட்டுப்புறத்தானைக் கேலி செய்யச் சினிமா கையில் கொடுத்த அதே மஞ்சப்பை, மரியாதையோடு திரும்பி வந்தது. நல்ல காரியம்தான். பிறகு கல்யாணங்களிலும் மஞ்சப்பை கொடுப்பது வழக்கமானது, அதுவும் நல்லதே. ஆனால் ஆண்டுக்கு இருபது கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தை எண்ணிப்பாருங்கள். வீட்டுக்கு இருபது பை வருகிறது. இங்கிலாந்து ஆய்வின் பருத்திப் பை சராசரியாக 183 கிராம், நம்முடையது மெல்லியது. அதனால் 131ஐ பாதியாக்கி 65 என்றே வைத்துக்கொள்வோம். இருபது பைக்கும் சேர்த்து 1,300 முறை. அந்த ஆண்டுக்குள் அதை ஈடுகட்ட வேண்டுமானால் அந்தக் குடும்பம் தினமும் மூன்றரை தடவை பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டும். உண்மையில் நடப்பது என்ன? இரண்டு பை கதவுக்குப் பின்னால் தொங்கும். மிச்சம் பதினெட்டும் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்து பரணில் கிடக்கும்.

இதற்கு நேர் எதிராக ஒயர் கூடையை நினைத்துப் பாருங்கள். முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக். அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ சாயங்காலங்களில் திண்ணையில் உட்கார்ந்து, சிவப்பும் வெள்ளையுமாக முடிச்சுப் போட்டுப் பின்னிக் கொடுத்தது. காய்கறிக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போகும், கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டு சுமக்கும். கைப்பிடி நைந்தால் அந்த இடத்தில் மட்டும் புது ஒயர் கோத்துக்கொள்ளலாம். பதினைந்து இருபது ஆண்டு உழைத்த கூடைகள் தமிழ்நாட்டு அடுக்களைகளில் ஏராளம். சுற்றுச்சூழலுக்கு உகந்த பரிசுகள் என்று யாராவது பட்டியல் போட்டால் ஒயர் கூடைக்கு அதில் இடம் கிடைக்காது. வகுத்துப் பார்த்தால், பரணில் தூங்கும் இயற்கைப் பருத்திப் பையை அது சுலபமாக ஜெயித்துவிடும்.

பரிசுப் பொருளில் இந்தக் கீழ் எண் ஏன் இவ்வளவு மோசமாகிறது என்பதற்குக் காரணம் எளியது. கடையில் நமக்காக வாங்கும்போது தேர்ந்தெடுப்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே ஆள். பரிசில் இருவரும் வேறு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் இதற்கு ஒரு அளவு கண்டுபிடிக்கப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு வந்த பரிசுகளை வரிசையாக எழுதச் சொல்லி, அன்புக் கணக்கை ஒதுக்கிவிட்டு, ‘இதை நீங்களே வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்’ என்று யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டார். கொடுத்தவர் செலவழித்த பணத்தைவிட, பெற்றவர் போட்ட மதிப்பு பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. உறவு தூரமாகத் தூரமாக இழப்பும் கூடியது. வால்ட்ஃபோகல் பார்த்தது டாலரை. அதே இழப்பைப் பருத்தியாகவும் நிக்கலாகவும் ஆற்று நீராகவும் எழுதிக்கொள்ள நமக்குத் தடையில்லை.

இந்த இழப்பைத் தமிழர்கள் எப்போதோ ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு தீர்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம். மொய் எழுதுகிற இடத்தில் தேர்வுப் பிழை என்பதே கிடையாது. புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய்விருந்தில் ஒரு வேளைக் கறிச்சோறு போட்டு வாங்குகிற பணத்தில் ஒருவர் கிணறு வெட்டுவார், இன்னொருவர் கடை வைப்பார். யாரும் யாருக்கும் சுவர்க் கடிகாரம் கொடுப்பதில்லை. மொய்யில் கடன் இருக்கிறது, கௌரவப் போட்டி இருக்கிறது, வட்டியில்லாவிட்டாலும் வருத்தம் இருக்கிறது. அதெல்லாம் வேறு அத்தியாயம். பொருள் வீணாவது என்று பார்த்தால் மட்டும், அதைவிடச் சுத்தமான பரிசு முறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விநோதமும் நம்மிடம் உண்டு. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துத் தரும் ரவிக்கைத் துண்டு. எண்பது சென்டிமீட்டர், பெரும்பாலும் பாலியெஸ்டர் கலப்பு, எந்தப் புடவைக்கும் பொருந்தாத நிறம். அதை யாரும் தைப்பதில்லை. வாங்கியவர் மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்து, அடுத்த வீட்டம்மா வரும்போது எடுத்துக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்கு. எப்போதாவது கொடுத்தவருக்கே திரும்பி வந்து சேர்வதும் உண்டு. நியூகினித் தீவுக்குக் கிழக்கே டிரோப்ரியாண்ட் தீவுகளில் ‘கூலா’ என்ற பரிமாற்றத்தை மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் ஆராய்ந்தார். சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு ஒரு திசையிலும், சங்கு வளைகள் எதிர்த்திசையிலும் கைமாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. நம் ரவிக்கைத் துண்டு அந்த ஜாதி. அதன் வேலை உடம்பை மூடுவது இல்லை, ‘வந்ததற்குச் சந்தோஷம்’ என்று சொல்வது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அந்த வேலையை அது செய்து முடிக்கிறது, ஒரு புதுத் துண்டு வாங்குவதையும் மிச்சப்படுத்துகிறது. வந்த பரிசை இன்னொருவருக்குக் கொடுப்பதைக் கேவலமாக நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். துண்டு எங்கே சிக்கலாகிறது என்றால், மரியாதைக்காக ஒவ்வொரு ஆண்டும் இருபது புதுத் துண்டு வாங்கி அந்தச் சுற்றில் இறக்கும்போது.

வகுக்கும் எண் தானாகவே பெரிதாக இருக்கும் ஒரு பரிசு நம் ஊரில் நெடுநாளாக உண்டு: பெயர் வெட்டிய எவர்சில்வர். பாத்திரக் கடையில் டம்ளரைத் தேர்ந்தெடுத்ததும், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் பேனா போன்ற கருவியைப் பிடிப்பார். அதன் முனை விர்ரென்று அதிர்ந்து, புள்ளி புள்ளியாக ‘அன்பளிப்பு’ என்று தொடங்கி, கொடுப்பவர் பெயரும் தேதியுமாக எழுதி முடிக்கும். அங்கே நடப்பது ஒரு சின்ன வேதியியல். எவர்சில்வரில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அது சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். எழுத்து வெட்டும் முனை அதைக் கிழித்துவிடுகிறது. கிழித்த இடத்தில் காற்று பட்டதும் குரோமியம் மறுபடி படலத்தைப் போட்டுக்கொள்கிறது. சாதாரண இரும்பில் கீறினால் அந்தக் கீறலிலிருந்து துரு கிளம்பும். எவர்சில்வரில் பாட்டியின் பெயர் பேரன் கல்யாணம் வரை பளிச்சென்று நிற்கும். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் தேயாமலிருக்க உலோகக் கலவை தேடியபோது இதன் ஆரம்ப வடிவம் கிடைத்தது. தேடியது துப்பாக்கிக்கு, வந்து சேர்ந்தது சாம்பார் வாளிக்கு.

எவர்சில்வரின் மேல் எண் சின்னதல்ல. ஒரு டன் சாதாரண எஃகு செய்தாலே ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. குரோமியமும் நிக்கலும் சேர்ந்தால் இன்னும் கூடும். தாராளமாக, கிலோவுக்கு 5 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். நூறு கிராம் டம்ளருக்கு அரைக் கிலோ. அதில் தினம் ஒருமுறை காபி குடித்தால் பத்தாண்டில் 3,650 முறை; ஒரு முறைக்கு 0.14 கிராம் வருகிறது. கழுவும் செலவையும் சேர்க்க வேண்டும்தான். மேல்நாட்டுக் கணக்குகளில் வெந்நீர் ஓடும் பாத்திரம் கழுவும் இயந்திரம் பெரும்பங்கு மின்சாரத்தைத் தின்றுவிடும். நம் வீடுகளில் பச்சைத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும் என்பதால் அந்தச் செலவு சிறியது. நசுங்கிப் போனாலும் எடைக்குப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கலாம்; உருக்கினால் மறுபடி எவர்சில்வர்தான். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவியவர் மறுசுழற்சிக்காரர்தானே.

வாங்கும்போது ஒன்று. காந்தம் ஒட்டாவிட்டால் அசல் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நிக்கல் சேர்த்த உயர்தர எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்பது சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு வகையிலும் ஒட்டாது. அந்த மலிவு வகை உப்புக்கும் புளிக்கும் அவ்வளவாகத் தாங்காது. ஊறுகாய் போட்டு வைத்தால் நாளடைவில் ஊசிக்குத்துப் போலப் புள்ளி விழும். காந்தத்தை நம்புவதைவிட, 304 என்ற தர எண் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், கையில் கனம் பார்ப்பதும் நல்லது.

மரக்கன்று கொடுக்கும் வழக்கத்துக்கு வருவோம். நடிகர் விவேக் ஊர் ஊராகப் போய் மரம் நட்டதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கன்று ஒரு மரியாதைக்குரிய பரிசாகிவிட்டது. எனக்கும் அதில் பிரியம் உண்டு. ஆனால் கன்று ஒரு பொருளல்ல, ஒரு வேலை. முதல் இரண்டு கோடைக்கு யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆட்டிடமிருந்து காக்க வேண்டும். கருப்புப் பாலித்தீன் பையில் அதிக நாள் இருந்த கன்றின் வேர், பையின் சுவரை முட்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பையைக் கிழித்ததும் அந்தச் சுருளைப் பிரித்தோ நறுக்கியோ விடாமல் நட்டால் மரம் வளர்ந்த பிறகும் பிடிப்பில்லாமல் நிற்கும். நாலாவது மாடி அடுக்ககத்தில் இருப்பவரிடம் புங்கங்கன்றைக் கொடுத்து அனுப்பினால் அதன் கதி அன்றிரவு பேருந்திலேயே தெரிந்துவிடும். அவருக்கு ஒரு தொட்டியில் கறிவேப்பிலை கொடுத்தால் கொத்துக் கொத்தாகக் கிள்ளிக்கொண்டிருப்பார். பூவரசும் நாவலும் புங்கமும் நிலம் உள்ளவருக்கு, அவரும் கேட்டுக்கொண்டால்.

விதை பதித்த காகிதத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதும் பரவுகிறது. எந்த விதை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காய்ந்தாலும் உயிர் போகாத விதைகள் உண்டு. கீரை, துளசி, தக்காளி எல்லாம் அந்த வகை. ஈரம் வற்றினாலே செத்துப்போகிற விதைகளும் உண்டு. நாவல், பலா, மா ஆகியவை அப்படி. வேம்பு இரண்டுக்கும் நடுவில்: சாதாரணமாக வைத்திருந்தால் சில வாரங்களில் முளைப்புத் திறன் மளமளவென்று இறங்கிவிடும். பத்திரிகை அச்சாகி, அஞ்சலில் போய், கல்யாணம் முடிந்து, யாராவது அதை ஊறவைத்து மண்ணில் போடுவதற்குள் வேப்ப விதை என்றால் கதை முடிந்திருக்கும். கீரை விதை என்றால் முளைக்கும், ஒருநாள் மசியலும் ஆகும்.

சுற்றுத் தாளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடி நின்றால் காகிதம். விட்டதும் விரிந்துகொண்டால் பிளாஸ்டிக் தாள். அதன் பளபளப்பு, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், நானோமீட்டர் கணக்கில்தான் தடிமன். இரண்டையும் பிரிக்க முடியாததால் காயலான் கடையிலும் எடுக்கமாட்டார்கள். ஒரு கைத்தறித் துண்டில் சுற்றிக் கொடுத்தால் சுற்றியதும் பரிசாகிவிடும், வேலை முடிந்தது.

கடைசியாக, எல்லோரும் கூச்சப்படுகிற ஒன்று: கேட்பது. என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டால் பரிசின் அருமை போய்விடும் என்று கொடுப்பவர்கள் நினைக்கிறார்கள். ஃபிரான்செஸ்கா ஜினோ, ஃபிரான்சிஸ் ஃபிளின் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மணமக்கள் தங்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைக்கும் பட்டியலிலிருந்து வந்த பரிசையும், கொடுப்பவர் தானாக யோசித்து வாங்கிய பரிசையும் ஒப்பிட்டார்கள். பெற்றவர்களுக்குப் பிடித்தது தாங்கள் கேட்டது. கொடுத்தவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. நம் தாய்மாமன்களுக்கு இந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது. நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே போன் வரும்: ‘சித்தப்பா கிரைண்டர் சொல்லிட்டாராம், பெரியத்தை மிக்ஸி. நான் ஃபிரிட்ஜ் பாத்துடறேன். நீ வேற ஏதாச்சும் நெனச்சிருந்தா இப்பவே சொல்லிடும்மா, அப்புறம் வீட்டுல மூணு மிக்ஸி வந்து நிக்கும்.’